"நான் மாற்றியது எங்கே போச்சு?": ஆஃப்லைன் ஆப்பில் டேட்டா மோதல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

நெட் இல்லாத இடத்திலும் ஓடும் ஆப் ஒன்றை வெளியே விட்டால் முதல் வாரம் அமைதியாகத்தான் போகும். எல்லோரும் ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து பழகிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஆட்கள் வேலைக்களத்துக்குப் போவார்கள், இரண்டாவது வாரத்திலிருந்து "டேட்டா மாறிடுச்சு", "டேட்டா காணோம்" என்று ஆரம்பிக்கும். கொஞ்ச நாள் கவனித்தால் இந்தப் புகார்கள் ஒன்பது வகைக்குள் அடங்கிவிடுவது தெரியும். கீழே ஒவ்வொன்றையும் பயனர் சொல்லும் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகாரோடு எது ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பாதிக்கு மேல், போனையும் சர்வரையும் ஒத்திசைக்கும் சின்க் கோடைத் தோண்டுவதால் தீராது. இரண்டு போன்கள் ஒரே பதிவை மாற்றினால் எது நிற்க வேண்டும் என்பது அந்தத் தொழில் தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை டெவலப்பர் ராத்திரி 11 மணிக்குத் தனியாக உட்கார்ந்து முடிவு செய்வதால்தான் இந்தப் புகார்களே வருகின்றன. நானும் அப்படி முடிவு செய்தவன்தான், அதனால் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஆப்பை வைத்துக்கொள்வோம். லிஃப்ட், ஜெனரேட்டர் மாதிரியான கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம். பணியாளர்கள் சிக்னல் எட்டாத அடித்தளங்களில் வேலை செய்கிறார்கள், வேலை முடிந்ததும் போனில் பதிகிறார்கள். உதிரிபாகங்கள் கிடங்கிலிருந்து வருகின்றன. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்.

எதையும் தொடுவதற்கு முன்னால்

புகார் சொன்னவரிடம் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்லாதீர்கள். இன்னும் அனுப்பப்படாத மாற்றங்கள் அந்தப் போனில்தான் இருக்கின்றன, ரீஇன்ஸ்டால் செய்தால் அதோடு ஆதாரமும் போய்விடும். முதலில் அனுப்பக் காத்திருக்கும் அந்த மாற்றங்களின் வரிசையை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் வசதி ஆப்பில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கு எழுத வேண்டிய முதல் கோடு அதுதான்.

அடுத்தது லாக், அதாவது நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் இவ்வளவாவது வேண்டும்: யார், எந்தக் கருவியிலிருந்து, அந்தக் கருவியில் அது எத்தனையாவது மாற்றம், போன் கடிகாரம் காட்டிய நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம், மாற்றியபோது அவர் திரையில் இருந்தது பதிவின் எந்த வெர்ஷன். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நடந்தது மோதலா இல்லையா என்றே சொல்ல முடியாது. முதல் ஆள் எழுதியதைப் பார்த்துவிட்டு இரண்டாம் ஆள் திருத்தினார் என்றால் அது சாதாரணத் திருத்தம். பார்க்காமல் எழுதினார் என்றால்தான் மோதல். நேரத்தை வைத்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

"சேவ் ஆச்சுன்னு காட்டுச்சு, இப்போ பார்த்தா பழசு இருக்கு"

அதிகம் வருவது இதுதான். லாகைத் திறந்தால் ஒரே வெர்ஷனைப் பார்த்து இரண்டு போன்கள் எழுதியிருக்கும், இரண்டாவதாக வந்தது முதலாவதை முழுசாக மூடியிருக்கும். பெரும்பாலும் ஆப் முழுப் பதிவையும் தூக்கி அனுப்புவதுதான் காரணம். பணியாளர் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அவர் போனிலிருந்து 30 ஃபீல்டும் கிளம்பிப் போயிற்று, அவர் தொடாத 29 ஃபீல்டும் காலையில் இருந்த மதிப்போடு. நடுவில் மேற்பார்வையாளர் மாற்றிய தேதி அதில் அடிபட்டுப் போனது.

முதலில் சர்வரில் வெர்ஷன் சோதனையைப் போடுங்கள். எச்டிடிபியில் இதற்கென்றே இஃப்-மேட்ச் ஹெட்டர் இருக்கிறது. நீங்கள் பார்த்த வெர்ஷனின் அடையாளமான ஈடேகை அதில் அனுப்பினால், பதிவு அதற்குள் மாறியிருந்தால் சர்வர் 412 கொடுத்து எழுத மறுக்கும். இப்போதைக்கு இழப்பு நின்றுவிடும். ஆனால் இதோடு நிறுத்தினால் நீங்கள் புகாரை வேறு இடத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள். நெட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் "பதிவு மாறிவிட்டது, மறுபடி திறங்கள்" என்று சொல்லலாம். மாற்றம் செய்து நாலு மணி நேரம் ஆகி, அந்தக் கட்டடத்தை விட்டே போய்விட்டவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

அதனால் மாறிய ஃபீல்டை மட்டும் அனுப்புங்கள், அதன் பழைய மதிப்பையும் சேர்த்து. கோடின் வெர்ஷன்களை நிர்வகிக்கும் கிட் என்ற கருவி, கோப்புகளை இணைக்கும்போது செய்வதும் இதேதான்: இருவரும் பிரிந்த பொதுவான பழைய நிலை, என்னுடையது, உன்னுடையது, மூன்றையும் வைத்துப் பார்ப்பது. வெவ்வேறு ஃபீல்டு மாறியிருந்தால் இரண்டையும் எடுத்துக்கொள், ஒரே ஃபீல்டு மாறியிருந்தால் மோதல் என்று குறி. இதைச் செய்ததும் முதல் வகைப் புகார் கிட்டத்தட்ட நின்றுவிடும். நிம்மதியாக இருக்கும்போதுதான் அடுத்தது வரும்.

"இந்தப் பதிவை யாருமே இப்படி எழுதலையே"

ஒவ்வொரு ஃபீல்டும் சரி, சேர்த்துப் பார்த்தால் அபத்தம். பணியாளர் அடித்தளத்தில் நெட் இல்லாமல் 17ஆம் எண் ஜெனரேட்டரைப் பழுதுபார்த்து "முடிந்தது" என்று போடுகிறார். அதே நேரத்தில் மேற்பார்வையாளர், வேலைச்சீட்டில் எண் தவறு என்று தெரிந்து 17ஐ 21 ஆக்குகிறார். ஃபீல்டு வாரியாக இணைத்தால் ஒரு மோதலும் இல்லை, லாக் பச்சைப் பசேல் என்று இருக்கும். பதிவு சொல்வது: 21ஆம் எண் ஜெனரேட்டர் வேலை முடிந்தது. அதை யாரும் தொடவே இல்லை.

முன்னதை விட இது மோசம், ஏனென்றால் அங்கே டேட்டா காணாமல் போனது கண்ணுக்குத் தெரிந்தது, இங்கே பொய் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "சேர்ந்தே மாற வேண்டிய ஃபீல்டுகளை ஒரு கட்டாக வை" என்பது பாதி மருந்து. முகவரியின் வரிகள், ஒரு அளவும் அதன் அலகும், இந்த மாதிரி இடங்களில் அது போதும். முழு மருந்து வேண்டுமென்றால் போனிலிருந்து ஃபீல்டுகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டு, அவர் என்ன செய்தார் என்பதை அனுப்ப வேண்டும். "17ஆம் எண் கருவியில் வேலையை முடித்தேன், இந்த அளவீடுகளோடு" என்பது ஒரு செயல். "வேலைச்சீட்டின் கருவி எண்ணைத் திருத்தினேன்" என்பது இன்னொன்று. இப்போது சர்வருக்குப் புரியும்: முடித்தது 17ஐ, சீட்டு சொல்வது 21ஐ. செய்த வேலையை 17இன் வரலாற்றில் சேர்க்கலாம், சீட்டைத் திறந்தே வைக்கலாம், மேற்பார்வையாளருக்கு ஒரு வரி அனுப்பலாம். டைம்ஸ்டாம்பை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இந்த முடிவு கிடைக்காது.

செயல்களின் பட்டியல் எங்கிருந்து வரும்? டேட்டாபேஸ் டேபிளிலிருந்து எடுக்காதீர்கள். வேலை செய்கிறவர் பக்கத்தில் அரை நாள் நின்று, அவர் வாயில் வரும் வினைச்சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: எடுத்தேன், மாற்றினேன், ஒப்படைத்தேன், ரத்து செய்தேன். 12 வினை இருந்தால், தன்னோடு தானே மோதுவதையும் சேர்த்து 78 ஜோடி வரும். பயமுறுத்தும் எண்தான், ஆனால் தொழில் தெரிந்தவரோடு உட்கார்ந்தால் பத்தில் ஒன்பது ஜோடிக்கு "அதனால ஒண்ணுமில்லை" என்று கையை ஆட்டிவிடுவார். மிச்சமிருக்கும் ஏழெட்டுக்குத்தான் உண்மையில் யோசிக்க வேண்டும்.

அவரிடம் "மெர்ஜ் ஸ்ட்ராடஜி என்ன?" என்று கேட்டால் முழிப்பார். "காகிதத்தில் செய்த காலத்தில் இப்படி ஆனால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். காகித ஃபாரம் முழுக்க முழுக்க ஆஃப்லைன்தானே. கார்பன் நகல், முன்கூட்டியே எண் அச்சடித்த புத்தகம், அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து, மாலையில் எல்லாச் சீட்டையும் ஒப்பிட ஒரு ஆள் என்று மோதல்களைச் சமாளிக்கும் ஏற்பாடு அங்கே ஏற்கெனவே இருந்திருக்கும். நாம் அதைக் கேட்காமல் ஆப் எழுதியதால்தான் தொலைந்தது.

"கையிருப்பு மைனஸ் 3 காட்டுது"

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்து வரும், பிரித்துப் பாருங்கள்.

முதலாவது, போன் "கையிருப்பு = 7" என்று அனுப்புகிறதா, "3 எடுத்தேன்" என்று அனுப்புகிறதா? 10 இருந்தது, ஒருவர் 3 எடுத்து 7 என்றார், இன்னொருவர் 4 எடுத்து 6 என்றார். கடைசியாக வந்தது நின்றால் கணக்கு 6, அலமாரியில் இருப்பது 3. "3 எடுத்தேன்" என்ற நகர்வை அனுப்பினால் எந்த வரிசையில் வந்தாலும் கூட்டல் கழித்தல் ஒரே இடத்தில் வந்து நிற்கும், பிரச்சினையே இல்லை. மாற்றங்கள் எந்த வரிசையில் வந்தாலும் நகல்கள் தாமாகவே ஒத்துப்போகும், சிஆர்டிடி என்று 2011 வாக்கில் பெயர் பெற்ற டேட்டா அமைப்புகளில் எளிமையான ஒன்றான கவுண்டர் இந்தக் குணத்தை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் இதற்காக ஒரு லைப்ரரியை இழுத்துப் போட வேண்டியதில்லை, நகர்வுகளுக்கு ஒரு டேபிளும் ஒரு கூட்டலும் போதும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தது. "எல்லாமே நகர்வுதான்" என்று உற்சாகமாக மாற்றிவிட்டேன். மாதக் கடைசியில் கிடங்குக்காரர் அலமாரியை எண்ணி "40 இருக்கு" என்று போட்டார். கணக்கில் அந்த நேரம் 43, அதனால் ஆப் தானாக "மைனஸ் 3" என்று ஒரு நகர்வை உருவாக்கியது. அன்று மாலை வேறொரு போனிலிருந்து, காலையிலேயே எடுத்த அதே 3இன் பதிவு வந்து சேர்ந்தது. மறுபடி 3 கழிந்து 37. எண்ணுவது என்பது நகர்வு அல்ல, அது அளவீடு: "இந்த நேரத்தில் நான் பார்த்தபோது 40". அதை அப்படியே வைக்க வேண்டும். அதற்கு முன் நடந்த நகர்வு தாமதமாக வந்தால் அந்த 40ஐத் தொடக்கூடாது, கணக்குக்கும் எண்ணிக்கைக்கும் இருந்த வித்தியாசத்தைத்தான் அது விளக்குகிறது. எடுத்தது எண்ணுவதற்கு முன்பா பின்பா என்று போன் கடிகாரத்தை நம்பிச் சொல்வதா? எங்கள் கிடங்குக்காரர் இதற்கு ஒரு வழி சொன்னார், எந்த அல்காரிதத்தையும் விட எனக்கு அது பிடித்திருந்தது: எண்ணும்போது அந்த அலமாரியைப் பூட்டிவிடுவது, எடுக்க வந்தவர் போனை முதலில் சின்க் செய்துவிட்டுக் காத்திருப்பது.

இரண்டாவது கோளாறு மைனஸையே பார்த்துப் பதறுவது. கையிருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சர்வரில் விதி போட்டு, போகும் பதிவைத் திருப்பி அனுப்புவார்கள். யோசித்துப் பாருங்கள், அவர் பாகத்தை எடுத்து கருவியில் மாட்டிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார். சர்வர் "இல்லை, நீ எடுக்கவில்லை" என்கிறது. மைனஸ் 3 என்றால் கணக்கில் வராத வரவு ஏதோ இருக்கிறது என்று பொருள், அது ஒரு தகவல். அதைத் தேட ஆளிடம் கொடுங்கள், பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொதுவான எல்லைக்கோடு இருக்கிறது, ஒவ்வொரு செயலையும் அதன் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். நடந்து முடிந்ததைச் சொல்கிறாரா, நடக்க அனுமதி கேட்கிறாரா? "பாகத்தை எடுத்தேன்" முடிந்த விஷயம், சர்வருக்கு மறுக்கும் உரிமை இல்லை. "நாளைக்கு இந்தப் பாகத்தை எனக்கு ஒதுக்கு" என்பது வேண்டுகோள், மறுக்கலாம், ஆனால் அப்படியானால் போனில் அது "கேட்டிருக்கிறோம்" என்று காட்ட வேண்டும், "ஒதுக்கியாச்சு" என்று காட்டக்கூடாது. ஏமாற்றம் பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில் தொடங்குகிறது.

இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழி உண்டு. வங்கியோடு தொடர்பு அறுந்தாலும் ஒரு வரம்பு வரைக்கும் பணம் கொடுக்கும்படி ஏடிஎம் அமைக்கும் வழக்கம் இருக்கிறது. தவறிப்போனால் எவ்வளவு நஷ்டம் என்று முன்பே கணக்குப் போட்டு, அந்த அளவுக்குத் துணிவது. உங்கள் ஆப்பிலும் ஒவ்வொரு பணியாளருக்கும் காலையிலேயே 5 பாகம் ஒதுக்கிவிட்டால், அந்த 5க்குள் அவர் யாரையும் கேட்க வேண்டாம், யாரோடும் மோதவும் மாட்டார். வரம்பு 5ஆ 8ஆ என்பது மேலாளரின் முடிவு.

"ஒரே வேலை ரெண்டு தடவை பதிவாகியிருக்கு"

இரண்டு பதிவும் அச்சு அசலாக ஒன்றா என்று பாருங்கள். ஒன்று என்றால் காரணம் ரீட்ரை: கோரிக்கை போய்ச் சேர்ந்தது, பதில் திரும்பும் வழியில் நெட் போயிற்று, போன் மறுபடி அனுப்பியது. ஐடியை சர்வர் கொடுக்கட்டும் என்று விடாமல் போனிலேயே யூயூஐடி (வேறெங்கும் திரும்ப வராத ஐடி) உருவாக்குங்கள், சர்வரில் அந்த ஐடி ஒரு முறைதான் வரலாம் என்று யூனிக் விதி போடுங்கள், இரண்டாவது முறை வந்தால் பிழை சொல்லாமல் முதல் முறை சொன்ன பதிலையே திருப்பிக் கொடுங்கள். பதிவுக்கு மட்டும் போதாது, ஒவ்வொரு செயலுக்கும் தனி ஐடி வேண்டும், இல்லாவிட்டால் "3 எடுத்தேன்" இரண்டு தடவை கழியும். 2024இல் வந்த ஆர்எஃப்சி 9562 என்ற இணையத் தர ஆவணம் முறைப்படுத்திய 7ஆம் வகை யூயூஐடி நேர வரிசையில் அடுக்கும், டேபிள் இண்டெக்ஸுக்கு நல்லது. ஆனால் அந்த நேரம் போன் கடிகாரத்தினுடையது, அதை வைத்து யார் முந்தியவர் என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

பதிவுகள் கொஞ்சம் வேறுபட்டால் அது வேறு கதை: இரண்டு பேர் ஒரே வாடிக்கையாளரைத் தனித்தனியாகச் சேர்த்திருப்பார்கள், பெயரில் ஒரு எழுத்து மாறி. இதை போனிலேயே தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஆபீஸில் ஒருவர் "இரண்டும் ஒன்றே" என்று சொல்ல ஒரு திரை கொடுங்கள். ஒன்றை அழிக்காமல், பழைய ஐடி புதியதைக் காட்டும்படி வையுங்கள், ஏனென்றால் எங்கோ ஒரு போனில் அந்தப் பழைய ஐடியோடு இன்னும் பதிவுகள் காத்திருக்கும்.

ரசீது எண் இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தது என்றால், மனிதர் படிக்கும் எண்ணையும் உள் ஐடியையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். பிரியுங்கள். எண் உடனே தேவையென்றால் ரசீதுப் புத்தகம் மாதிரி ஒவ்வொரு போனுக்கும் ஒரு தொகுப்பைக் கொடுங்கள், 501 முதல் 600 வரை இவருக்கு. நடுவில் விடுபட்ட எண் இருக்கக்கூடாது என்று கணக்குப் பிரிவு சொன்னால் எண்ணை சின்க் ஆனபிறகு சர்வர்தான் கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை.

"அழிச்சது திரும்பி வந்துடுச்சு"

ஒரு போன் அழித்தது, இன்னொரு போன் அது தெரியாமல் பழைய பதிவை மறுபடி மேலே தள்ளியது. பதிவை டேபிளிலிருந்து நிஜமாகவே நீக்குகிறீர்களா என்று பாருங்கள். நீக்கினால், "அழிக்கப்பட்டது" என்பதற்கும் "இன்னும் வரவே இல்லை" என்பதற்கும் சர்வரால் வித்தியாசம் சொல்ல முடியாது. பதிவுக்குப் பதிலாக "இது அழிக்கப்பட்டது" என்ற அடையாளத்தை விட்டுவைக்க வேண்டும், டூம்ஸ்டோன் என்பார்கள். பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது: அமேசான் தன் டைனமோ சேமிப்பகத்தைப் பற்றி 2007இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, கூடையில் சேர்த்த பொருள் தொலையாது, ஆனால் நீக்கிய பொருள் மறுபடி தலைகாட்டலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று தொழிலைப் பார்த்து எடுத்த முடிவு அது.

டூம்ஸ்டோனை எத்தனை நாள் வைப்பது? பல சர்வர்களில் பரவி ஓடும் கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸில் இயல்பாக 864000 விநாடி, அதாவது 10 நாள். அதற்கு மேல் தொடர்பில்லாமல் இருந்த சர்வர் (நோட்) திரும்பினால் செத்த டேட்டா எழுந்து வரும். உங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு மாத விடுப்பில் போவாரா? அப்படியானால் 10 நாள் பத்தாது. காலக்கெடு தாண்டி வரும் போனை முதலில் அதன் அனுப்பாத செயல்களைத் தரச் சொல்லுங்கள், பிறகு உள்ளூர் நகலைத் துடைத்து முழுதாகப் புதியதை இறக்குங்கள். இந்த இரண்டையும் முன்பின் மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அந்த "அழி" பொத்தானுக்கு உண்மையான பொருள் என்ன? பெரும்பாலும் ரத்து, தவறாகப் பதிந்தது, என் பட்டியலிலிருந்து மறை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். கணக்கெழுதுபவர் தவறான பதிவை அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறார். பொத்தானைப் பெயர் மாற்றியதுமே இந்தப் புகார் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

"நான்தான் கடைசியா மாத்தினேன், ஆனா அவரோடதுதான் நிக்குது"

போன் கடிகாரம். லாகில் போன் நேரத்தையும் சர்வர் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரு போன் ஒரு நாள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நேரம் உள்ளதே வெல்லும் என்ற விதியில், அந்தப் போன் அடுத்த 24 மணி நேரத்துக்கு எல்லோரையும் தோற்கடிக்கும். கடிகாரங்களை நம்பாமல் நிகழ்வுகளை எப்படி வரிசைப்படுத்துவது என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் எழுதியது 1978இல், ஆனாலும் போன் நேரத்தை ஒப்பிட்டு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் கோடு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு போனுக்குள் வரிசைக்கு அந்தப் போனின் கவுண்டர், போன்களுக்கு இடையே சர்வர் கொடுக்கும் வரிசை எண். போன் நேரத்தைத் தகவலாகக் காட்டுங்கள், தீர்ப்புக்கு வேண்டாம்.

"சின்க் சுத்திக்கிட்டே இருக்கு"

வரிசையின் முதல் செயலை சர்வர் மறுக்கிறது, ஆப் அதையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது, பின்னால் 60 செயல்கள் நிற்கின்றன. நெட் பிழையும், சர்வர் பக்கத்துக் கோளாறைச் சொல்லும் 500 வகைப் பிழைகளும் வந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் மறுபடி முயலலாம். கோரிக்கையையே ஏற்க முடியாது என்று சொல்லும் 409, 412, 422 மாதிரி வந்தால் அதே கோரிக்கையை ஆயிரம் தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். அதை ஒதுக்கி வையுங்கள், அதைச் சார்ந்த செயல்களையும் கூடவே. மற்றவை போகட்டும். ஆப் புது வெர்ஷனுக்குப் போன பிறகும் பழைய வடிவச் செயல்கள் வந்துகொண்டேயிருக்கும், சர்வர் அவற்றையும் படிக்க வேண்டும்.

"உங்களுடையதா சர்வருடையதான்னு கேக்குது, எதை அமுக்கறது?"

இந்தக் கேள்வியைப் பயனர் பார்க்கிறார் என்றாலே நாம் நம் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டோம். அவர் எதையோ அமுக்குவார், பெரும்பாலும் "என்னுடையது". பணியாளருக்கு சர்வரில் இருப்பது யார் எழுதியது, ஏன் எழுதினார் என்று தெரியாது. தெரிந்தாலும் மேற்பார்வையாளர் மாற்றியதை மீற அவருக்கு அதிகாரம் இருக்கிறதா?

எதிர்முனையும் உண்டு, யாரையும் கேட்காமல் முடித்துவிடுவது. கவுச்டிபி என்ற டேட்டாபேஸ், ஒரே பதிவுக்கு இரண்டு கிளை வந்தால் நீளமான திருத்த வரலாறு உள்ளதை வெற்றியாளராக எடுக்கும், சமமென்றால் திருத்த எண்ணை எழுத்து வரிசையில் ஒப்பிட்டு. எல்லா நகல்களும் தங்களுக்குள் பேசாமலே ஒரே முடிவுக்கு வர அது அருமையான வழி. ஆனால் அந்த முடிவுக்கும் உங்கள் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தோற்ற கிளையும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, நீங்கள் கேட்டால்தான் காட்டும். பலர் கேட்பதே இல்லை.

நடுவழி இதுதான். மிச்சமிருந்த அந்த ஏழெட்டு ஜோடிக்கும் யார் முடிவு செய்வார், எப்போதைக்குள் என்று எழுதிக்கொள்ளுங்கள். மோதல் அந்த ஆளின் வேலைப் பட்டியலில் ஒரு வேலையாக வரட்டும், தொழில் மொழியில்: "17ஆம் எண் வேலை முடிந்ததாகப் பணியாளர் காலை 10:40க்குப் பதிந்தார். அதற்குள் நீங்கள் இதை ரத்து செய்திருந்தீர்கள். செய்த வேலைக்குக் கட்டணம் போடலாமா?" கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள், எந்தப் பதிவு நிற்க வேண்டும் என்று அது கேட்கவேயில்லை. வேலை நடந்தது, ரத்தும் நடந்தது, இரண்டும் உண்மை. இப்போது என்ன செய்வது என்பதுதான் மீதி.

சில மோதல்களுக்குப் பதிலை முன்கூட்டியே வாங்கிவிடலாம். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1990களில் கட்டிய பேயூ என்ற அமைப்பில், கூட்ட அறையைப் பதிவு செய்பவர் அந்த நேரம் கிடைக்காவிட்டால் எந்த நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுக்கலாம். மோதல் வந்தால் சர்வர் அந்த மாற்று நேரத்தைப் பார்க்கும், ஆளைத் தேடாது. பணியாளர் திரைக்கு முன்னால் இருக்கும்போதே "இந்தப் பாகம் இல்லாவிட்டால்?" என்று ஒரு வரி கேட்டு வைப்பது, நாலு மணி நேரம் கழித்து அவருக்கு அறிவிப்பு அனுப்புவதைவிட எவ்வளவோ சுலபம்.

எல்லாவற்றையும்விட சுலபமானது மோதல் வராமலே பார்ப்பது. ஒரு வேலைச்சீட்டு ஒரு நேரத்தில் ஒரே ஆள் கையில் என்று வைத்தால் பாதி ஜோடிகள் காணாமல் போகும். போன் தண்ணீரில் விழுந்தால் மேற்பார்வையாளர் சீட்டை வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும், அதற்கு வழி விடுங்கள். மூன்று நாள் கழித்து அந்தப் போன் உயிர் பெற்று வந்தால், அது கொண்டுவரும் "முடித்தேன்" என்பதை நடந்த விஷயமாக ஏற்றுக்கொள்ளுங்கள், சீட்டின் நிலையை மாற்ற மட்டும் அதற்கு உரிமை இல்லை.

"நேத்து போட்டது எதுவுமே இல்லை"

சர்வர் லாகில் தடயமே இல்லையென்றால் இது மோதலே அல்ல, டேட்டா போனை விட்டுக் கிளம்பவேயில்லை. பிரவுசரில் ஓடும் ஆப் என்றால் சேமிப்பைப் பாருங்கள். 2020இலிருந்து சஃபாரி, பயனர் தளத்தைத் தொடாமல் 7 நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால் பிரவுசருக்குள் இருக்கும் இண்டெக்ஸ்டுடிபி என்ற டேட்டாபேஸ் உட்பட, தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதியதை அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த ஆப்புக்கு அந்தக் கணக்கு தனி. பேக்கிரவுண்டு சின்க் வசதியும் எல்லா பிரவுசரிலும் கிடையாது, ஆப்பைத் திறந்தால்தான் அனுப்பும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். "இன்னும் 4 அனுப்பப்படவில்லை" என்று திரையில் எப்போதும் தெரியட்டும்.

திருத்திய பிறகு சோதிக்க

இரண்டு போனை எடுங்கள், இரண்டையும் ஃபிளைட் மோடில் போடுங்கள், ஒன்றின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னால் தள்ளுங்கள். அந்த ஏழெட்டு ஜோடியையும் ஒவ்வொன்றாகச் செய்து, ஒரு தடவை முதல் போனை முதலில் நெட்டில் விடுங்கள், அடுத்த தடவை இரண்டாவதை. ஒரு முறை பாதி சின்க்கில் ஆப்பை மூடிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சர்வரில் வந்த முடிவைத் தாளில் எழுதி, டேபிள் பெயர் எதுவும் சொல்லாமல் மேற்பார்வையாளரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "இது எப்படி?" என்று நிறுத்தும் இடத்தில் கோடைத் திறங்கள்.